விறைப்பு போன சர்க்கரைக்காரருக்கு உள்ளே பம்ப் வைக்கிற ஆபரேஷன்: வச்சுக்கிட்டவன் எழுதறேன்

12 ஜனவரி 2025, கேள்வி

வயசு 49, திருச்சி. பதினோரு வருஷமா சர்க்கரை. ரெண்டு வருஷமா விறைப்பு சுத்தமா இல்ல. மாத்திரை முதல்ல கொஞ்சம் கேட்டுச்சு, இப்ப தலைவலி மட்டும்தான் மிச்சம். உள்ள ரப்பர் வச்சுத் தைக்கிற ஆபரேஷன் ஒண்ணு இருக்குன்னு ஒரு டாக்டர் சொன்னார். லட்சக்கணக்குல செலவாம். என்னைக் கேட்டா இது பணம் பிடுங்கற வேலை. சர்க்கரைக்காரனுக்கு இது முடிஞ்ச கதை. நிஜமா வச்சுக்கிட்டவங்க யாராவது இருந்தா வந்து சொல்லுங்க, இல்லாட்டி இந்த ஃபோரம் இழையை மூடிடலாம்.

12 ஜனவரி, இரவு

மூடாதீங்க. நான் வச்சுக்கிட்டவன். 2021 நவம்பர்ல. நாளைக்கு விவரமா எழுதறேன்.

13 ஜனவரி

நேத்து ரெண்டு வரி போட்டுட்டு ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. இப்படி ஒருத்தர் எழுதி அன்னைக்கு நான் படிச்சிருந்தா நாலு வருஷம் வீணாப் போயிருக்காது. அதனால வெக்கப்படாம எழுதறேன்.

எனக்கு 57 வயசு. கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோவுல ஹைட்ராலிக் சிலிண்டர் ரிப்பேர் பட்டறை. ஜேசிபி, டிப்பர், பிரஸ் மெஷின்னு முப்பது வருஷமா அதேதான். இந்த சாமானை எனக்குத் தெரிஞ்ச பாஷையிலயே சொல்றேன்.

இதுக்கு இம்ப்ளான்ட்னு பேரு. மூணு பாகம். ஆணுறுப்புக்குள்ள இயற்கையா ரெண்டு குழாய் மாதிரி அறை இருக்கு, ரத்தம் நிறைஞ்சு விறைக்கறது அங்கதான். அந்த ரெண்டுக்குள்ளயும் ஆளுக்கொரு சிலிண்டர். அடிவயித்துல ஒரு சின்ன டேங்க். விதைப்பைக்குள்ள, ரெண்டு விதைக்கு நடுவுல கொட்டைப்பாக்கு அளவுல ஒரு பம்ப். மூணையும் மெல்லிசா டியூப் இணைக்குது. வெளியில எதுவும் தெரியாது. பம்பை விரலால பத்திருபது தடவை அமுக்கினா டேங்க்ல இருக்கற ஆயில் சிலிண்டருக்குப் போகும், உறுப்பு நிக்கும். வேலை முடிஞ்சதும் பம்புக்கு மேல இருக்கற பட்டனை அமுக்கிப் பிடிச்சா திரும்ப டேங்குக்குப் போயிடும். அந்தப் பட்டனை நாம அமுக்கற வரைக்கும் நிக்கும். நடுவுல போயிடுமோங்கற பயமே இல்ல.

இது குடுக்கறது விறைப்பு ஒண்ணு மட்டும்தான். ஆசையைக் குடுக்காது, உணர்ச்சியைக் கூட்டாது. தொடு உணர்ச்சி, உச்சம், விந்து வர்றது எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படியோ அப்படியே. இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனவன் சந்தோஷமா இருக்கான். தெரியாம போனவன்தான் வெளிய வந்து டாக்டரைத் திட்டறான்.

13 ஜனவரி, மதியம்

"உள்ள ஆயிலா இருக்கு?"ன்னு ஒருத்தர் பதறிப்போய்க் கேட்டிருக்கார். பட்டறைப் பழக்கத்துல ஆயில்னு எழுதிட்டேன், தப்பு. உள்ள இருக்கறது சலைன், ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தற அதே உப்புத் தண்ணி. லீக் ஆனா உடம்பு அதை உறிஞ்சிக்கும், விஷம் கிடையாது. உறுப்பு நிக்காது, அவ்வளவுதான். மறுபடி ஆபரேஷன் பண்ணி மாத்தணும்.

14 ஜனவரி

பொங்கல். பட்டறை லீவு.

டாக்டர் முதல்ல மாதிரிக்கு ஒரு சாமானை என் கையில குடுத்தார். அதைத் தொட்டப்பதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. சிலிண்டர் சுவர் மூணு அடுக்கு: உள்ள சிலிக்கோன், நடுவுல நெய்த துணி, மேல சிலிக்கோன். நம்ம ஹைட்ராலிக் ஹோஸுக்குள்ள கம்பிப் பின்னல் எதுக்கு? பிரஷர் ஏறும்போது பலூன் மாதிரி வீங்கிடாம இருக்கறதுக்கு. இங்க அந்த வேலையை நடுத்துணி பாக்குது.

நான் கேட்ட முதல் கேள்வி, "சார், ஏர் லாக் ஆகாதா?" அவர் நிமிர்ந்து பாத்தார். இத்தனை வருஷத்துல எந்த நோயாளியும் இதைக் கேட்டதில்லையாம். உள்ள வைக்கறதுக்கு முன்னாடி சலைன்ல வச்சு, சொட்டுக் காத்து இல்லாம எடுத்துட்டுத்தான் வைப்பாங்களாம். டியூபைப் பிடிக்கற இடுக்கிக்குப் பல்லு மேல ரப்பர் உறை போட்டிருக்கும், கீறல் விழக்கூடாதுன்னு. நானும் பையன்களைத் திட்டறது இதுக்குத்தான், ஹோஸை வெறும் கட்டிங் பிளேயரால பிடிக்காதேன்னு. கீறின இடம் இன்னைக்கு ஒண்ணும் பண்ணாது, ஆறு மாசம் கழிச்சு அங்கதான் பொத்துக்கும்.

அப்புறம் அளவு. உள்ள நீளத்தை அளந்து, சிலிண்டர் கொஞ்சம் குட்டையா இருந்தா பின்பக்கம் சின்னத் துண்டு சொருகி நீளம் சரிபண்ணுவாங்க. பட்டறையில இடைவெளிக்குத் தகடு (ஷிம்) போடற மாதிரியே. பெருசாப் போட்டா உள்ள வளைஞ்சு நெளியும், சிறுசாப் போட்டா முனை தொங்கும். அந்த ஒரு மணி நேரத்துல ஒரு மனுஷன் கைப்பழக்கத்தை நம்பித்தான் படுக்கறோம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பண்றவர்கிட்ட போகாதீங்க. எத்தனை பண்ணியிருக்கீங்கன்னு மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கற டாக்டர் வேண்டாம்.

16 ஜனவரி

திருச்சிக்காரரே, மாத்திரை இப்ப கேக்கலைன்னு எழுதியிருந்தீங்க. ஏன்னு சொல்றேன்.

ஆசை வந்ததும் நரம்பு ஒரு சைகை அனுப்புது, நைட்ரிக் ஆக்சைடுங்கற வாயு. அதனாலதான் ரத்தக்குழாய் விரியுது. அந்த வாயுவோட வேலையைக் கண்டுபிடிச்சதுக்கு 1998-ல மூணு பேருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. வயாகரா அமெரிக்காவுல அனுமதி வாங்கி வெளிய வந்ததும் அதே வருஷம்தான், மார்ச் மாசம். மாத்திரை சைகையை உண்டாக்கறதில்ல. வந்த சைகை சீக்கிரம் அணைஞ்சு போகாம பாத்துக்குது. நமக்கு இத்தனை வருஷச் சர்க்கரையில நரம்பும் ரத்தக்குழாயோட உள்சுவரும் அரிச்சுப் போயிருக்கு. சைகையே வராதப்ப மாத்திரை எதைக் காப்பாத்தும்?

இதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு. ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். இதயத்தோட குழாய் மூணு நாலு மில்லிமீட்டர். அடைப்பு உடம்பு பூராவும் ஒண்ணாத்தான் படியுது, ஆனா சின்ன பைப்புல முதல்ல தெரியும். விறைப்பு போன ரெண்டு மூணு வருஷத்துல நெஞ்சுவலி வந்தவங்க நிறைய. நீங்க இதயம் பாத்தீங்களா? இம்ப்ளான்டை அப்புறம் பேசலாம். முதல்ல டிரெட்மில் டெஸ்ட் எடுக்கணுமான்னு டாக்டரைக் கேளுங்க.

யாராவது நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் வைக்கறவங்க இருந்தா வயாகரா வகை மாத்திரைப் பக்கமே போகாதீங்க. ரெண்டும் சேந்தா பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போயிடும்.

16 ஜனவரி, இரவு

அதோட தொடர்ச்சி. ஊர் ஊரா லாட்ஜ்ல ரூம் போட்டு, "இன்ன தேதி இன்ன ஊர்"னு நோட்டீஸ் ஒட்டற வைத்தியர்கிட்ட நான் ரெண்டு வருஷம் போனேன். இளமையில செஞ்ச தப்புன்னு ஆரம்பிப்பார். நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். அந்தக் குனிஞ்ச தலைக்குத்தான் அவர் காசு வாங்கினார். சூரணம் வேலை செஞ்சுது, அதுதான் சங்கடம். மூலிகைன்னு விக்கற இந்த மாதிரிப் பொடியில வயாகரா மருந்தையே கலந்திருக்கறதை உலகம் பூரா பிடிச்சிருக்காங்க. என் அப்பா ஹார்ட் பேஷன்ட், சார்பிட்ரேட் எப்பவும் சட்டைப் பையில. அதே பொடியை அவர் வயசுக்காரங்க எத்தனை பேர் வாங்கிட்டுப் போனாங்கன்னு நெனச்சா இன்னைக்கும் வயித்தைக் கலக்குது.

19 ஜனவரி

13-ம் தேதி எழுதினதைத் திரும்பப் படிச்சேன். இம்ப்ளான்ட்தான் முதல் வழிங்கற மாதிரி இருக்கு. அது சரியில்ல. இது கடைசி வழி. சிலிண்டர் வைக்கறதுக்காக உள்ள இருக்கற பஞ்சுத் திசுவை விலக்கி இடம் பண்றாங்க. பின்னால கழட்டிட்டா பழைய இயற்கை விறைப்பு வரும்னு எதிர்பார்க்கக் கூடாது. திரும்பி வர ரோடு கிடையாது.

அதுக்கு முன்னாடி வேக்குவம் குழாய் இருக்கு. காத்தை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து, அடியில வளையம் மாட்டறது. வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல விடக்கூடாது. எனக்குக் கொஞ்சம் கேட்டுச்சு, ஆனா உறுப்பு சில்லுன்னு நீலம் பாஞ்சு இருந்ததை நானும் விரும்பல, எங்க வீட்டம்மாவும் விரும்பல. அடுத்தது ஊசி, உறுப்பிலேயே போட்டுக்கறது. கேக்கவே நடுங்கும், ஊசி ரொம்ப மெல்லிசுதான். நாலு மணி நேரம் தாண்டியும் இறங்கலைன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அதை மட்டும் மறக்கக்கூடாது.

இந்த ஊசி வந்த கதை பெருசு. 1983-ல லாஸ் வேகாஸ்ல யூராலஜி (மூத்திரப்பாதை) டாக்டர்கள் மாநாடு. பிரிண்ட்லீன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி. மேடை ஏறறதுக்கு முன்னாடி தனக்குத் தானே மருந்தை ஊசி போட்டுக்கிட்டு வந்து, எல்லார் முன்னாடியும் கால்சட்டையை இறக்கிக் காட்டினார், மனசுல ஆசை எதுவும் இல்லாமலே மருந்து மட்டும் விறைப்பைக் குடுக்கும்னு நிரூபிக்கறதுக்கு. சிரிப்பாச் சொல்றாங்க இதை. எனக்குச் சிரிப்பு வரல. அதுவரைக்கும் பெரும்பாலும் "மனசுலதான் கோளாறு"ன்னுதான் சொல்லி அனுப்பிட்டிருந்தாங்க. மனசு இல்ல, குழாயும் நரம்பும்தான்னு ஒரு மனுஷன் மானத்தை விட்டுக் காட்டியிருக்கார்.

20 ஜனவரி

நீளம் கூடுமான்னு மூணு பேர் கேட்டாச்சு. கூடாது. நிறையப் பேருக்கு முன்ன விடக் குறைஞ்ச மாதிரிதான் இருக்கும். விறைப்பே இல்லாம வருஷக்கணக்கா கெடந்தா திசு சுருங்கிடுது, சாமான் மிச்சமிருக்கற இடத்துக்குத்தான் பொருந்தும். முனை மொட்டு சிலிண்டரோட சேராது, அது மெத்துன்னுதான் இருக்கும். இதை நான் முதல் நாளே எழுதியிருக்கணும், விட்டுட்டேன்.

22 ஜனவரி

இன்ஃபெக்ஷன். இதுதான் உண்மையான பயம், மத்ததெல்லாம் சும்மா.

நம்ம தோல்ல சாதாரணமா இருக்கற கிருமியே சாமான் மேல ஒட்டிக்கிட்டு, வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கும். பம்ப்செட் தொட்டியில பாசி பிடிக்குமே, அப்படி. அந்தப் படலத்துக்குள்ள ஆன்டிபயாடிக் சரியா வேலை செய்யாது. அப்படி ஆச்சுன்னா மொத்தத்தையும் கழட்டணும். முதல் தடவை வைக்கறவங்கள்ல நூத்துக்கு ஒண்ணு முதல் மூணு பேருக்கு இது வரும்னு டாக்டர் சொன்னார். முன்ன இன்னும் அதிகம். 2001-ல ரிஃபாம்பிசின், மினோசைக்ளின்னு ரெண்டு மருந்தைச் சாமான் மேலயே ஏத்தி விக்க ஆரம்பிச்ச பிறகுதான் குறைஞ்சுது. கெட்டுப்போன சாமானைக் கழட்டி, உள்ள வரிசையா மருந்துத் தண்ணிகளால கழுவி, அன்னைக்கே புதுசு வைக்கற முறையும் இருக்கு. மல்காஹின்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர் கொண்டுவந்தது.

சர்க்கரை ஏறியிருந்தா ஆபத்து கூடும். நான் போனப்ப மூணு மாச சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.4. டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். கோவம் வந்துச்சு, காசு குடுக்கத் தயாரா இருக்கறவனைத் திருப்பி அனுப்பறாரேன்னு. நாலு மாசம் ராத்திரிச் சாப்பாட்டுல சோத்தை விட்டு, விடிகாலையில நொய்யல் கரையில நடந்து, 7.2-க்குக் கொண்டுவந்தேன். திருப்பி அனுப்பினாரே, அதுதான் அவர் எனக்குப் பண்ணின பெரிய வைத்தியம்.

23 ஜனவரி

"எட்டுக்கு மேல இருந்தா பண்ணவே கூடாதுன்னு சட்டமா?"ன்னு ஒருத்தர் கேக்கறார். சட்டம் இல்லீங்க. 8.5 தாண்டினா இன்ஃபெக்ஷன் கூடுதுன்னு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்தக் கோட்டை எல்லா டாக்டரும் ஒத்துக்கல. என் டாக்டர் என்னை எந்த அளவுல திருப்பி அனுப்பினார்னுதான் நான் சொன்னேன், உங்க டாக்டர் கோட்டை அவரைக் கேட்டுக்கங்க.

26 ஜனவரி

எங்க வீட்டம்மா இந்த இழையைப் படிச்சுட்டாங்க. ஒளிச்சு எழுதல, ஆனா படிக்கச் சொல்லவும் இல்ல. படிச்சுட்டு, "உங்க பம்பைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க, அந்த நாலு வருஷம் பத்தி ஒரு வரி இல்லையே"ன்னாங்க.

அதனால எழுதறேன். அந்த நாலு வருஷம் நான் ஹால்ல படுத்தேன். கேட்டா ஏசி ஒத்துக்கலைன்னு சொல்வேன். தோள்ல கை வச்சாக் கூட விலகிப் போவேன், தொட்டா அடுத்தது வரணும், வராதுன்னு பயம். அவங்க அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. நான் வேற எங்கயோ போறேன்னு நெனச்சு, பட்டறைக்கு டிஃபன் கொண்டு வர்ற சாக்குல ரெண்டு தடவை வந்து பாத்திருக்காங்க. இது எனக்குத் தெரிஞ்சதே டாக்டர் ரூம்ல, அவர் முன்னாடிதான். ரெண்டு பேரையும் உக்கார வச்சு, அவங்ககிட்ட "உங்களுக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டார். அவங்க அழுதுட்டாங்க. "இவர் ஹால்ல படுக்கக்கூடாது, எனக்கு அது போதும்"னாங்க.

மனைவியை வெளிய உக்கார வச்சுட்டு இந்த ஆபரேஷனை முடிவு பண்ற ஆம்பளை பாதி விஷயம் தெரியாம முடிவு பண்றான்.

28 ஜனவரி

செலவு. எனக்கு எல்லாம் சேத்து ஆறு லட்சத்துக்கு மேல ஆச்சு. பட்டறை லேத் ஒண்ணை வித்தேன். இன்ஷூரன்ஸ்காரங்க "வாழ்க்கை வசதிக்கான சிகிச்சை"ன்னு எழுதித் திருப்பிட்டாங்க. கால் போனவனுக்குக் கட்டைக்கால் வசதியா? அந்த வார்த்தை இன்னும் ஆறல.

அவ்வளவு முடியாதவங்களுக்கு வளையற கம்பி மாதிரி வகை உண்டு. பம்பு, டேங்க் எதுவும் கிடையாது. ரெண்டு தண்டு மட்டும், மேல தூக்கினா நிக்கும், கீழ மடக்கினா மடங்கும். எப்பவும் கெட்டியாத்தான் இருக்கும், அதான் குறை. கெட்டுப்போக ஒண்ணும் இல்ல, அதான் நிறை. மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைச்ச நம்ம நாட்டுத் தயாரிப்பு இருக்கு, வெளிநாட்டுச் சாமானை விட ரொம்பக் குறைச்சல். விரல் நடுக்கம், வாதம் இருக்கறவங்களுக்கும் பம்பை விட அதுவே நல்லது.

1 பிப்ரவரி

ஒருத்தர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கார்: புராஸ்டேட் கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை வருஷமா மூத்திரம் நிக்கல, நாளைக்கு நாலு டயாபர். பேரன் கல்யாணத்துக்குக் கூட மண்டபத்துக்கு வரலையாம்.

அதுக்கும் இதே குடும்பத்துச் சாமான் இருக்குங்க. ஹூஸ்டன் டாக்டர் பிரான்ட்லி ஸ்காட்டும், மினசோட்டாவுல இருந்த பிராட்லியும், டிம்ங்கற எஞ்சினியரும் சேந்து பண்ணினது. ஊதற ஆணுறுப்பு இம்ப்ளான்ட், மூத்திரத்தைப் பிடிச்சு நிறுத்தற செயற்கை வால்வு, ரெண்டையும் 1973-லயே எழுதி வெளியிட்டாங்க.

என் தாய்மாமனுக்கு அந்த வால்வு வச்சிருக்கு. மூத்திரக்குழாயைச் சுத்தி ஒரு பட்டை, வயித்துல ஒரு பலூன், விதைப்பையில பம்ப். பட்டை எப்பவும் தண்ணி நிறைஞ்சு குழாயை இறுக்கிப் பிடிச்சிருக்கும். பம்பை அமுக்கினா தண்ணி பலூனுக்குப் போயி பட்டை தளரும், மூத்திரம் போகும். அப்புறம் நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். சில நிமிஷத்துல தண்ணி தானா பட்டைக்குத் திரும்பி மறுபடி இறுக்கும். எப்படித் தாமதமாத் திரும்புதுன்னு மண்டையைக் குடைஞ்சேன். வழியில ஒரு குறுகின துவாரம், அவ்வளவுதான். நாம சிலிண்டர் மெதுவா இறங்கறதுக்குப் போடற ரெஸ்ட்ரிக்டர்! பேட்டரி இல்ல, மோட்டார் இல்ல.

அப்பாகிட்ட சொல்லுங்க, மாமா இப்ப கோவில்ல ஆறு கால பூஜைக்கும் உக்கார்றார்.

2 பிப்ரவரி

அவசரமா ஒண்ணு. அந்த வால்வு வச்சவங்களுக்கு வேற எதுக்காவது ஆஸ்பத்திரியில மூத்திர டியூப் போடறப்ப, முதல்ல பட்டையைத் தளர்த்தி பூட்டணும். தெரியாம டியூபை உள்ள தள்ளினா குழாய் அரிச்சுப் போயிடும். மாமா பர்ஸ்ல கார்டு வச்சிருக்கார். மாமிக்கும் மகனுக்கும் சொல்லி வச்சிருக்கார். மயங்கிக் கெடக்கறப்ப நாம பேச முடியாது இல்லையா. ஸ்கேன் எடுக்கற இடத்துலயும் இம்ப்ளான்ட், வால்வு ரெண்டு வகைக்காரங்களும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

5 பிப்ரவரி

34 வயசுத் தம்பி ஒருத்தர், சின்ன வயசுச் சர்க்கரை, குழந்தை வேணும், இம்ப்ளான்ட் வச்சா விந்து போயிடுமான்னு தனியா எழுதியிருந்தார். பேர் போடாம பொதுவுல பதில் சொல்லுங்கன்னார். தம்பி, சிலிண்டர் வைக்கற அறை வேற, விந்து வர்ற பாதை வேற. விதையையும் விந்துக்குழாயையும் இந்த ஆபரேஷன் தொடாது. ஆனா சர்க்கரையிலயே இன்னொரு கோளாறு உண்டு. சிறுநீர்ப்பை வாய் சரியா மூடாம, விந்து வெளிய வராம பின்னால சிறுநீர்ப்பைக்குள்ள போயிடும். உச்சம் வரும், ஒண்ணும் வெளிய வராது. அப்படி இருந்தா மூத்திரத்துல இருந்தே உயிரணுவைப் பிரிச்சு எடுக்க வழி இருக்கு. ஆண்களோட கோளாறு பாக்கற ஆண்ட்ராலஜி டாக்டர்கிட்ட இந்த விவரத்தை வெக்கப்படாம சொல்லுங்க. முதல் வேலை விந்துப் பரிசோதனை. அதை விட்டுட்டு வீட்டம்மாவை மட்டும் டெஸ்ட் டெஸ்ட்டா அலைய விடாதீங்க.

9 பிப்ரவரி

திருச்சிக்காரர் கூப்பிட்டுப் பேசினார். அவர் அனுமதியோட எழுதறேன். டிரெட்மில்லுல சந்தேகம் வந்து ஆஞ்சியோ எடுத்ததுல ஒரு குழாய்ல அடைப்பு, ஸ்டென்ட் வச்சிருக்காங்க. இம்ப்ளான்ட் இப்போதைக்கு இல்ல. இதய டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, சர்க்கரையும் இறங்கின பிறகு பாக்கலாம்னு இருக்கார். இழையை மூடச் சொன்னதுக்கு வருத்தம் சொன்னார். நல்ல கேள்விதானுங்க கேட்டீங்க, எதுக்கு வருத்தம்.

போனை வைக்கறதுக்கு முன்னாடி அவர் வீட்டம்மா வாங்கி, வலி எப்படி இருக்கும்னு கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதையே இங்கயும் போடறேன். முதல் ரெண்டு வாரம் கஷ்டம்தாங்க. விதைப்பை கத்திரிக்கா மாதிரி வீங்கி, நடந்தாலும் வலி, உக்காந்தாலும் வலி. குளிக்கறப்ப பம்பை மெதுவாக் கீழ இழுத்து விடச் சொல்வாங்க, மேல ஏறி ஒட்டிக்காம இருக்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்யணும். மூணாவது வாரம் பட்டறைக்குப் போனேன், ஒண்ணும் தூக்கல. ஆறாவது வாரம் டாக்டர் பம்பை இயக்கக் கத்துக்குடுத்தார். முதல் நாள் பட்டனைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. இப்ப இருட்டுலயே விரல் தேடிப் போயிடுது.